வரைந்த அம்மா

அத்தியாயம் பதினொன்று

மஞ்சக்குப்பத்தில் பிரீதாவின் அப்பா வீட்டில், முந்தின நாள் சாயங்காலம் அவள் கணவன் நடேஷ் லேப்டாப்பைத் திறந்து மூன்றரை நிமிடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பிரீதா முதலில் அழுதாள். பிறகு பயந்துபோனாள்.

அந்தப் பயம் காலையில் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறும்போதும் அவளை விடவில்லை.

இன்று அவளுடைய மாமியார் சிவகாமியம்மாளுக்கு முதல் வருஷத் திதி. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, போன தை மாதம் போய்ச் சேர்ந்தவர். அந்த இரண்டு வருடமும் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்து வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டது மூத்த மகள் தாட்சாயிணி. கல்யாணம் ஆகாதவள். மகன் நடேஷ் சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் படம் வரைகிறவன். தீபாவளி, பொங்கல் என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். கருமாதி அன்றைக்கு அக்காவுக்கும் தம்பிக்கும் மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை என்பது இந்தக் குடும்பத்தை இதுவரை தொடர்ந்து வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மாவைத்தான் நடேஷ் படமாக வரைந்திருந்தான். நான்கு மாதம், ஆபீஸ் வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து, ஒவ்வோர் அசைவாக. படத்தில் அம்மா நடந்தாள். தலை முடிந்துகொண்டாள். பேசினாள்.

பேசியது அம்மாவின் சொந்தக் குரல். ஊரிலிருந்து வரும் போன்களையெல்லாம் நடேஷ் தன் செல்லில் பதிவு செய்து வைத்திருந்தான். பொம்மைகளுக்கு வாயசைவு போடுவதற்கு நிஜ மனிதர்கள் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்த பழக்கம். அப்படி நாற்பத்து மூன்று பதிவுகள் சேர்ந்திருந்தன. அதிலிருந்து இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று வெட்டி எடுத்து ஒட்டியிருந்தான்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் பிரீதா மெதுவாகச் சொன்னாள்.

"கடைசியா அத்தை அக்காவப் பாத்து சொல்றாங்களே, அத மட்டும் எடுத்துடுங்க."

"ஏன்?"

"அது என்கிட்ட சொன்னது. ஒங்களுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்திருந்தப்ப, ஒங்க செல்லுல."

நடேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா குரல்தானே, யாரிடம் சொன்னால் என்ன என்றான். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அக்காவிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்றான். சொல்லியிருப்பாரா என்பதுதான் பிரீதாவின் பயமே.

சிதம்பரத்தில் கீழச் சன்னதி வீட்டில் ஐயர் வந்து போய், காக்கைக்குச் சோறு வைத்து, இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டு முடிக்க மணி இரண்டாகிவிட்டது. வெளியாள் என்று பெரிதாக யாருமில்லை. தாட்சாயிணியின் அப்பா சேதுமாதவன், திருவதிகையிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை அமராவதி, மகன், மருமகள். அவ்வளவுதான்.

தாட்சாயிணி அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் நடேஷ் டிவிக்குப் பின்னால் ஒயர் மாட்டுவது தெரிந்தது. தான் செய்த படம் ஒன்றைப் போடப்போவதாக அவன் அப்பாவிடம் சொல்வதும் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கும்படி பிரீதா வந்து கூப்பிட்டாள். அவள் முகம் சரியில்லை.

தம்பியின் படம் என்றாலே தாட்சாயிணிக்கு ஒரு சலிப்பு வரும். அது இன்று நேற்று வந்ததில்லை.

ஏழு வருடம் முன்னால், அவன் சென்னையில் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜப்பான் சிடி கொண்டுவந்து போட்டான். வரைந்த படம். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வாழ்க்கையையே முடிவு செய்தேன் என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஒரு பெண் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பாதிக்குக் கண். அந்தக் கண் நிறையக் கண்ணீர் வந்தது. நடேஷும் அழுதான். தாட்சாயிணி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். மனதை எவ்வளவோ கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. வெண்டைக்காய் நறுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

பிடிக்கவில்லையா என்று பின்னாலேயே வந்து கேட்டான். பிடிக்கவில்லை என்றாள். ஏன் என்றான். தெரியவில்லை என்றாள். அதை அவன் நம்பவில்லை. தன் படிப்பை, தன் வேலையை அக்கா மட்டமாக நினைக்கிறாள் என்றே அன்றிலிருந்து நினைத்தான். அப்பா அதை நேராகவே சொல்லிக் காட்டுவார். "தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் மவன் பொம்மை போட்டுப் பொழைக்கிறான்" என்பார். அதைவிட, அக்கா வெண்டைக்காய் நறுக்கப் போனதுதான் அவனுக்கு ஜாஸ்தி வலித்தது.

கூடத்தில் ஜன்னலைச் சாத்தினார்கள். படம் ஆரம்பித்தது.

அரக்குச் சேலையில் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இரண்டு காலையும் ஒன்றுபோல வைத்து நடந்தாள். வாய் கோணவில்லை. பின்னால் கோபுரம், அதைச் சுற்றிப் புறாக்கள். அம்மா அப்பாவின் நாற்காலியைப் பார்த்துத் திரும்பி, "காபி ஆறுது, வந்து குடிங்க" என்றாள்.

சேதுமாதவன் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாப்புட்டியா நடேசா" என்றாள் அம்மா. அமராவதி விசும்ப ஆரம்பித்தாள்.

கடைசியாக அம்மா நேராக, திரையை விட்டு வெளியே பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தாட்சா" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "நல்லா பாத்துகிட்ட. போதும்மா."

சிரித்தாள். படம் முடிந்துவிட்டது.

சேதுமாதவன் எழுந்து வந்து மகனின் தலையில் கை வைத்தார். பத்து வருடமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார். நடேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

தாட்சாயிணி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் காய்ந்திருந்தது.

"பெத்தவளப் பாத்துமா ஒனக்குக் கண்ணு கலங்கல?" என்று அமராவதி கேட்டாள்.

"இது அம்மா இல்ல அத்தே."

அத்தை விடவில்லை. அசல் அண்ணியேதான், அந்த நெற்றி, அந்த மூக்கு என்று அடுக்கினாள். ஊரில் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் சொல்வார்கள் என்றாள். கல்லுக்குக்கூட ஈரம் உண்டு, இவளுக்கு இல்லை என்று முடித்தாள்.

தாட்சாயிணி அத்தையைப் பார்க்கவில்லை. தம்பியைக் கேட்டாள்.

"அந்தக் கடைசி வார்த்தைய அம்மா யாருகிட்ட சொன்னுச்சு?"

"ஒன்கிட்டதான் சொல்றாங்க. பேரு சொல்லித்தானே…"

"பேரு தனியா இருக்கு, பேச்சு தனியா இருக்கு. நடுவுல தச்ச நூலு தெரியுது. அம்மா என்னைய ஒரு நாளும் 'ம்மா' போட்டுப் பேசுனதில்ல. டீதான். சாவற வரைக்கும் வாடி போடிதான். யாருகிட்ட சொன்னுச்சு?"

நடேஷ் பிரீதாவைப் பார்த்தான். பிரீதா தரையைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

"ஒன்கிட்டயா?" என்றாள் தாட்சாயிணி.

பிரீதா தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு நடந்ததைத்தான் பிரீதாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அக்காவும் தம்பியும் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேருமே மெல்லிய குரலில், ஒருவர் கண்ணை ஒருவர் விடாமல் பேசினார்கள்.

இரண்டு வருடம் மூத்திரத் துணி அலசியவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன் என்றான் நடேஷ். அடுத்தவளுக்குச் சொன்னதைத் திருடி எனக்குப் பிச்சை போடுகிறாயா என்று அவள் கேட்டாள். உனக்கு எப்போதுமே என் படம் ஆகாது, பொறாமை, நான் ஊரை விட்டுப் போய் உருப்பட்டேன் என்ற எரிச்சல் என்றான்.

"வரைஞ்ச படம் புடிக்காதுன்னு சொல்றவங்கள நான் நெறைய பாத்துட்டேன்க்கா. எல்லாம் உள்ள செத்துப் போனவங்க."

"இருக்கலாம்" என்றாள் தாட்சாயிணி. "ஏன் புடிக்கலன்னு அன்னிக்கிக் கேட்ட. அப்ப எனக்குச் சொல்லத் தெரியல. இப்பத் தெரியுது, கேட்டுக்க. சினிமாவுல ஒருத்தன் பேசிகிட்டு இருக்கறப்ப பின்னாடி கொடியில துணி ஆடும். அத யாரும் ஆடச் சொல்லல, அது பாட்டுக்கு ஆடும். ஒன் படத்துல அம்மா முந்தானை பறந்துச்சுன்னா, நீ பறக்கச் சொன்னதாலதான் பறக்குது. கண்ண மூடுன்னா மூடும். சிரின்னா சிரிக்கும். மன்னிச்சிடுன்னு சொன்னா அதையும் செய்யும். எதுவும் தானா நடக்காத எடத்துல எனக்கு மூச்சு முட்டுது. இந்த வீட்டுலயே அப்படித்தான் இருக்கேன். படத்துலயும் வந்து அதையே பாக்கணுமா?"

நடேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்பு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாற்காலிக்குத் திரும்பிப் போயிருந்த சேதுமாதவன் வாயைத் திறந்தார். பிடிக்காதவர்கள் உள்ளே போகலாம், எனக்குப் பார்க்க வேண்டும் என்றார். நடேஷ் மறுபடி படத்தைப் போட்டான். அரக்குச் சேலை அடுப்படியிலிருந்து வந்தது.

தாட்சாயிணி போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

கறுத்துப்போன திரையைச் சேதுமாதவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை ஓங்கவில்லை, திட்டவில்லை.

"அவ இருந்தப்பவும் அவ பேசுனா ஒனக்கு ஆகாது" என்றார். "இப்பவும் ஆகல."

எழுந்துபோய்ப் பிளக்கை அவரே மாட்டினார்.

அடுப்படியில் தாட்சாயிணி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பிரீதா வந்து பக்கத்தில் நின்றதையும் கவனிக்கவில்லை. கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காபி ஆறுது, வந்து குடிங்க. முடிந்ததும் மறுபடி காபி ஆறியது. மூன்றாம் தடவையும் ஆறியது.

பிரீதா அவள் கையில் ஒரு பென் டிரைவை வைத்தாள். நடேஷின் பையிலிருந்து எடுத்தது என்றாள். உங்கள் அம்மா போனில் பேசியது எல்லாம் வெட்டாமல் அப்படியே இதில் இருக்கிறது, அவர் வெட்டித் தந்த மாதிரி இல்லாமல் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மாமியார் தனக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நடேஷ் தன்னைக் கேட்காமல் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது அவளுக்கும் உள்ளுக்குள் குத்தியிருந்தது.

"பதினேழாவது மட்டும் வேணாம்க்கா. நான் கேட்டதில்ல. அவரு அதக் கேட்டுட்டு மூணு நாள் சரியா சாப்புடல."

ஐந்து மணி சுமாருக்குத் தாட்சாயிணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தெற்கு வீதியில், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். அம்மா விழுவதற்கு முன்னால் அவள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரிடம் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருந்தவள். வேலை விட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. தடுப்புக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள்.

நாற்பத்து மூன்றும் வரிசையாக, தேதியோடு இருந்தன. முதலிலிருந்து கேட்டாள்.

பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சு. முருங்கைக்காய் விலை. எதிர் வீட்டில் சீமந்தம். மூன்றாவதில் பிரீதாவிடம் சொன்ன அந்த வார்த்தை முழுசாக இருந்தது: நடேசன நல்லா பாத்துகிட்ட, போதும்மா. அதைக் கேட்டுவிட்டு நிறுத்தாமல் மேலே போனாள். பத்துக்கு மேல் குரல் மாறியது. பக்கவாதத்துக்குப் பிறகு வந்த குழறல். படத்தில் நடேஷ் ஓரிடத்திலும் சேர்க்காத குரல். இதுதான் தனக்குத் தெரிந்த அம்மா என்று தாட்சாயிணி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தலையைச் சாய்த்துப் பிடித்தால்தான் தண்ணீர் நிற்கும், அந்த வாய்.

பதினாறு முடிந்தது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"நடேசா… என்னைய ஒங்கூட கூட்டிகிட்டுப் போயிடு" என்றாள் அம்மா.

"ஏம்மா? அக்கா இருக்கால்ல."

"அவ கையால சாப்புடவே பயமா இருக்கு. அன்னிக்கி என்னைய உள்ள போட்டுத் தாப்பா போட்டுட்டுப் போயிட்டா. வெளக்கு வைக்கற நேரம் வரைக்கும் வரல. ஒண்ணுக்குப் போயி அதுலயே கெடந்தேன். ஒங்கப்பாரு அன்னிக்கிக் கடலூருக்குப் போயிருந்தாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. ஒன்கிட்டதான் சொல்றேன்."

நடேஷின் குரல் வந்தது. "பாக்கலாம்மா. இப்ப ஆபீஸ்ல வேல ஜாஸ்தி."

தாட்சாயிணி ஹெட்போனைக் கழற்றவில்லை.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாத்திரையைப் பொடித்துக் கலந்த கஞ்சியை அம்மா மூன்றாம் தடவையும் அவள் முகத்தில் துப்பினாள். துப்பிவிட்டு, "எம்மவன் வந்தாத்தான் சாப்புடுவேன்" என்றாள். தாட்சாயிணி முகத்தைக்கூடக் கழுவாமல் கதவை இழுத்துத் தாழ் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். கோயில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தவள் சாயங்கால மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். திரும்பி வந்து, கழுவி, துணி மாற்றி, ஒன்றும் பேசாமல் சோறு ஊட்டினாள். அம்மாவும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு நாளும் துப்பவில்லை. அம்மா மறந்துவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். பயந்துபோய்ச் சாப்பிட்டிருக்கிறாள்.

தடுப்புக் கதவில் நிழல் விழுந்தது. நடேஷ் மூச்சு வாங்க நின்றான். பென் டிரைவைக் கொடுத்ததைப் பிரீதா சொல்லிவிட்டாள் போல; கம்ப்யூட்டர் இருக்கும் இடமாகத் தேடி வந்திருந்தான்.

"எதுவரைக்கும் கேட்ட?" என்றான்.

"பதினேழு."

அவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துத் தடுப்பில் யாரோ ஹால்டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாட்சாயிணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ ஏன் வரல?" என்று அவள் கேட்டாள். "இதக் கேட்டப்புறமும் ஏன் வரல?"

"வந்தா நீ செஞ்சதக் கேக்கணும். கேட்டா அம்மாவ கூட்டிகிட்டுப் போவணும்." அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "கேக்காம இருந்தா ஒண்ணும் செய்ய வேணாம்ல."

"அதனாலதான் படத்துல எனக்கு நல்ல வார்த்தையா?"

"எனக்கும் சேத்துதான் போட்டேன்."

ஏழு வருடத்தில் தம்பி தன்னிடம் சொன்ன முதல் உண்மை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காக அவன்மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. தன்மேல் இருந்ததும்தான்.

அப்பா இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றான் நடேஷ். அவருக்கு அது போதும், இதை அழித்துவிடலாம், நமக்குள் போகட்டும் என்று சொல்லிக் கையை நீட்டினான்.

தாட்சாயிணி கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி எடுத்தாள். அவன் கையில் வைக்கவில்லை. தன் பர்சில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அப்பா கேக்கட்டும்" என்றாள்.

"போட்டா நம்ம ரெண்டு பேர் மானமும் போயிடும்க்கா."

"அம்மா பேசுனா எனக்கு ஆகாதுன்னாரு இல்ல. முழுசா பேசட்டும்."

மாடிப்படியில் அவள் முன்னால் இறங்கினாள். தெற்கு வீதியில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. நடேஷ் நாலடி பின்னால் வந்தான். கூப்பிடவும் இல்லை, எட்டிப் பிடிக்கவும் இல்லை. கீழச் சன்னதி திருப்பத்துக்கு வந்தபோதே கேட்டது. சேதுமாதவன் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். குழறாத குரலில் தெருவரைக்கும் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தாட்சாயிணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பர்சைத் திறந்தபடியே உள்ளே போனாள்.